நோயாளி வேடத்தில் ஒரு நோயாளி

மூங்கில்துறைப்பட்டை விட்டு நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு துணிப்பை, காலில் புது ரப்பர் செருப்பு. எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆலையைப் பார்த்து வந்துகொண்டிருந்தன. ஊர் மொத்தமும் ஒரு பக்கம் போகும்போது நான் மட்டும் எதிர்ப்பக்கம் போவது எனக்குப் புதிதல்ல. வேலையை விட்டுவிட்டு நடப்பதில் நான் கெட்டிக்காரன். பத்தாம் வகுப்பிலிருந்து பாதியில் எழுந்து நடந்ததுதான் ஆரம்பம். அப்புறம் போர்வெல் லாரி, ஓசூரில் பரோட்டாக் கடை, பெங்களூரில் கட்டட வேலை. எல்லா இடத்திலும் அவர்கள் என்னைப் போகச் சொல்வதற்கு ஒரு நாள் முன்பே நான் போயிருப்பேன். (மரியாதை முக்கியம் பாருங்க.)

இந்த முறை விட்டது ஆலைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. கடையில் கரண்ட் லீக் ஆகிறது என்று முதலாளியிடம் சண்டை போட்டேன். டீயை ஆற்றிவிட்டுச் சட்டென்று திரும்பினால் போதும், தலைக்குள் சுளீர் என்று ஒரு மின்னல் வெட்டும். கலர் சோடா வைக்கும் குளிர்பெட்டியிலிருந்துதான் வருகிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். முதலாளி பாவம், எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தார். அவர் டெஸ்டரை வைத்துப் பெட்டி, மேசை, பாய்லர் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். கடைசியில் என் நெற்றியிலும் வைத்துப் பார்த்தார். எங்கும் எரியவில்லை.

"கடையில லீக்கு இல்ல. உன் மண்டையிலதான்டா லீக்கு" என்றார் முதலாளி.

டீ குடித்துக்கொண்டிருந்த வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். நான் கையிலிருந்த டபராவை விட்டெறிந்தேன். யார் மேலும் படவில்லை. பன் வைத்திருந்த கண்ணாடி பாட்டில் மட்டும் போச்சு. பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, முதல் வேலையாக ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டேன், கரண்ட் அடிக்காமல் இருக்க. ரோட்டில் நடக்கும்போதும் அடித்தது. (தார் ரோட்டில் ஏது குளிர்பெட்டி என்று கேட்கத் தோன்றவில்லை அப்போது.)

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. பெங்களூரில் இருந்தபோது எனக்கு உடம்பு கெட்டது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. காலையில் எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். தகரக் கொட்டகையில் படுத்துக் கூரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். சோறு வாய்க்குள் மண் மாதிரி இருந்தது. மேஸ்திரி முதலில் சோம்பேறி என்றார், பிறகு குடிகாரன் என்றார், பிறகு ஒன்றும் சொல்லாமல் ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டார். கள்ளக்குறிச்சியில் என் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கேள்வி கேட்காமல் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அங்கே மனநல டாக்டர் இதற்கு மனச்சோர்வு என்று பேர் சொன்னார். மாத்திரை எழுதினார். "ரெண்டு மூணு வாரத்துக்கு ஒண்ணும் தெரியாது, விடாம போடு. நல்லா ஆனப்புறமும் நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாத" என்றார். அதில் முன்பாதி மட்டும் என் தலையில் தங்கியது.

மாத்திரை வேலை செய்தது. முதலில் தூக்கம் வந்தது, பிறகு சோற்றுக்கு ருசி வந்தது. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆடு, போஸ்டரில் இருந்த தலைவரின் மீசையை மட்டும் தின்றுவிட்டுப் போனதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான், சிரித்து எத்தனை மாதமாயிற்று என்று உறைத்தது.

பிறகு டீக்கடை. தினமும் ராத்திரி நான் மாத்திரை போடுவதைக் கூட வேலை செய்தவன் பார்த்துவிட்டான். "இன்னா மாத்திரை?" என்றான். மனசுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. "கேஸ் மாத்திரை" என்றேன். எங்கள் பக்கத்தில் கௌரவமான வியாதி அது ஒன்றுதான். ஆனால் கேஸ் இல்லாத மனிதன் எங்கள் பக்கத்தில் கிடையாது என்பதை மறந்துவிட்டேன். மறுநாள் அவனுக்கு ஒன்று வேண்டுமாம். அதற்கு மறுநாள் பால்காரருக்கு. அப்புறம் கரும்பு வண்டிக்காரர் ஒருவர் வயிற்றைத் தடவிக்கொண்டே வந்து நின்றார். என் மாத்திரையைத் தர முடியாது, தராவிட்டால் கஞ்சன். கடைசியில் நிஜமான கேஸ் மாத்திரையை நானே வாங்கி வைத்து விநியோகம் செய்துகொண்டிருந்தேன். ஆலை வட்டாரத்தின் வாயுத்தொல்லை முழுக்க என் பொறுப்பு. இந்தக் கூத்துக்கு என் மாத்திரையை நிறுத்திவிடுவது சுலபம் என்று தோன்றியது. நன்றாகத்தானே இருக்கிறேன்? நிறுத்தினேன். தலைக்குள் மின்னல் வெட்ட ஆரம்பித்தது அதற்குச் சில நாட்கள் கழித்து. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் அறிவு எனக்கு இல்லை.

பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. ஒரு பார்மசி கல்லூரியின் பஸ். ஓட்டுவது என் அக்கா புருஷன் ஏழுமலை மாமா.

"டேய் குமாரு! கடை இன்னாடா ஆச்சு?"

"கரண்ட் லீக்கு மாமா."

"உனக்கு எல்லா வேலையும் லீக்குதான்டா. ஏறு."

ஏறி அவர் பக்கத்தில் எஞ்சின் பெட்டி மேல் உட்கார்ந்தேன். மாமா ரோட்டைப் பார்த்துக்கொண்டே தணிந்த குரலில் கேட்டார்: "மாத்திரை போடறியா? உங்க அக்கா தினம் என் உசிர எடுக்கறா."

"போட்டுகினுதான் இருக்கேன்."

முதல் சீட்டில் கலைவாணி மேடம் உட்கார்ந்திருந்தார். அந்தக் கல்லூரியில் மூத்த ஆசிரியை. போனில் யாரிடமோ கிட்டத்தட்ட அழுதுகொண்டிருந்தார். அன்றைக்குச் செய்முறைத் தேர்வு. மாணவர்கள் மருந்துக் கடைக்காரராக நின்று, வந்த நோயாளிக்கு மாத்திரையைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டும். வழக்கமாக நோயாளியாக நடிப்பவர் லேப் உதவியாளர். அவருக்கு நிஜமாகவே அம்மை போட்டுவிட்டது. மதிப்பெண் போட வெளியூரிலிருந்து தேர்வாளர், அவர்கள் பாஷையில் எக்ஸ்டர்னல், வந்து இறங்கியாயிற்று.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தவர் என்னைப் பார்த்தார். சவரம் செய்யாத தாடை, உள்ளே போன கண், காலர் கிழிந்த சட்டை. ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"தம்பி, நீங்க எங்க இறங்கணும்?"

"அது இன்னும் முடிவாகலைங்க மேடம்."

"கொஞ்ச நேரம் நோயாளியா நடிக்க முடியுமா? மத்தியானம் சாப்பாடு உண்டு."

"இன்னா நோய்ங்க?"

"மனச்சோர்வு."

மாமா பிரேக் போட்டார். பின்னால் இருந்த பிள்ளைகளின் தலைகளெல்லாம் ஒரே நேரத்தில் முன் சீட்டில் இடித்தன. "நாய் குறுக்க வந்துச்சு மேடம்" என்றார் மாமா. நாய் எதுவும் வரவில்லை.

"மேக்கப் எதாவது போடணுங்களா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேணாம். இப்படியே வாங்க."

(அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.)

கல்லூரியில் மருந்துக்கடை மாதிரியே ஓர் அறை வைத்திருந்தார்கள். முன்னால் கண்ணாடி கவுண்டர். நோயாளி நிற்கும் பக்கத்துச் சுவரோரம் கூரை வரை தகர அலமாரி, அதில் வரிசையாக மருந்து அட்டைப்பெட்டிகள். எல்லாம் காலிப்பெட்டி. மேடம் எனக்குக் கதையைச் சொன்னார். என் பெயர் ராஜேந்திரன், விவசாயி. மனச்சோர்வுக்கு ரெண்டு மாதமாக மாத்திரை போடுகிறேன். இப்போது நன்றாக இருக்கிறது. அதனால் மாத்திரையை நிறுத்தலாம் என்று இருக்கிறேன்.

பேரை மட்டும் மாற்றி என் கதையை என்னிடமே சொல்கிறார்.

"பசங்க நாலு பாயிண்ட் சொல்லுவாங்க" என்றார் மேடம். "நல்லா இருந்தாலும் இன்னும் சில மாசம் தொடரணும். திடீர்னு நிறுத்தினா உடம்பு படுத்தும். இது போதைப் பழக்கம் ஆகாது. நிறுத்தறதா இருந்தா டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமா குறைப்பார். இத சொல்லிட்டா நீங்க சரின்னு ஒத்துக்கணும். அவ்ளோதான். எங்க, ஒரு தடவ நடிச்சுக் காட்டுங்க."

நான் மார்பைப் பிடித்துக்கொண்டு இருமினேன்.

"தம்பி, அது டிபி."

தேர்வு தொடங்கியது. எக்ஸ்டர்னல் ஓர் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மெலிந்த மனிதர், பேனாவை மூடவே மாட்டார் போலிருந்தது. அவருக்குப் பின்னால் மேடம். பேசி முடித்தவர்கள் பின் பெஞ்சில் உட்கார வேண்டும். ஜன்னலுக்கு வெளியே ஏழுமலை மாமா நின்றிருந்தார்.

முதலில் வந்த பையன் வெள்ளைக் கோட்டைச் சரிசெய்துகொண்டு, ஒரே மூச்சில் நாலு பாயிண்டையும் ஒப்பித்துவிட்டான். நான் சரி என்றிருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் சாப்பாடு. ஆனால் அந்தச் 'சரி' வரவில்லை. ராஜேந்திரன் ஒத்துக்கொள்ளலாம், எனக்கென்ன? ஆனால் அவன் ஒத்துக்கொண்டால் நான் செய்தது தப்பு என்றாகிவிடுமே.

"ஏம்பா, காய்ச்சல் போனப்புறம் காய்ச்சல் மாத்திரை போடுவியா நீ?" என்றேன்.

பையன் விழித்தான். "அது வேறங்க..."

"இன்னா வேற?"

அவனுக்கு ஐந்தாவது பாயிண்ட் தெரியாது. எக்ஸ்டர்னலின் பேனா ஓடியது. பையன் பின் பெஞ்சுக்குப் போனான்.

அடுத்து ஒரு பெண். "டாக்டர் சொன்னா கேக்கணுங்க" என்றாள்.

"டாக்டர் பீடி புடிக்காதன்னும்தான் சொல்றாரு. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுகினு எத்தினி பேரு புடிக்கறான், போய்ப் பாரு."

பின் பெஞ்சில் சிரிப்பு. அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின் பெஞ்சுக்குப் போனாள். மேடம் எக்ஸ்டர்னலுக்குப் பின்னாலிருந்து புருவத்தை ஏற்றி இறக்கி, கையால் ஏதோ சைகை செய்தார். 'ஒத்துக்கொள், ஒத்துக்கொள்' என்பதுதான் அது. எனக்கோ 'பிரமாதம், இன்னும் நடி' என்பது போலத் தெரிந்தது.

மூன்றாவது பையன், "திடீர்னு நிறுத்தினா பின்விளைவுகள் ஏற்படுங்க" என்றான்.

"எனக்கு ஒண்ணும் ஏற்படலியே!" என்று அடித்துச் சொன்னேன். சொல்லும்போது தலை சுற்றி, கவுண்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நான் யாரிடமும் ஜெயித்தவன் இல்லை. மேஸ்திரி, முதலாளி, வாத்தியார் எல்லோரும் பேச, நான் கேட்டுக்கொண்டு நின்றுதான் பழக்கம். அன்றைக்குப் படித்த பிள்ளைகள், அதுவும் வெள்ளைக் கோட்டு போட்டவர்கள், என்னிடம் வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். போதை ஏறிவிட்டது. மழை விட்டப்புறம் குடை எதற்கு என்றேன். கால் கூடியபிறகு மாவுக்கட்டு எதற்கு என்றேன். உடம்பில் இருக்கிற வியாதியை விட உள்ளே போகிற மாத்திரைதான் ஜாஸ்தி என்றேன். பின் பெஞ்சு நிரம்பிக்கொண்டே வந்தது. இரண்டு பெண்கள் துப்பட்டாவில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது தினேஷ் என்று ஒரு பையன் வந்தான். சாதுவான முகம். நான் கேட்டதையெல்லாம் தலையைச் சாய்த்துப் பொறுமையாகக் கேட்டான். யோசித்தான். பிறகு, "நீங்க சொல்றதும் சரிதாண்ணா. நிறுத்திடுங்க" என்றான்.

எக்ஸ்டர்னலின் பேனா கீழே விழுந்தது. மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அறை அதிர்ந்தது சிரிப்பில்.

நானும் சிரித்தேன். ஆனால் ஜெயித்தவனுக்கு வர வேண்டிய சந்தோஷம் வரவில்லை. இந்தப் பையனாவது என்னை மடக்கியிருக்கலாமே என்று இருந்தது. இத்தனை பேரில் ஒருவர் கூட என்னைப் பிடித்து நிறுத்தவில்லையே என்று அவர்கள் மேலேயே கோபம் வந்தது. பிடிக்க வந்த கையையெல்லாம் தட்டிவிட்டவன் நான்தான் என்பது தனிக்கதை.

கடைசியாக வந்தவள் சத்யா. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் அவள் ஊர். ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். ஒல்லியான பெண், கோட்டு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். நாலு பாயிண்டில் ஒன்றைக் கூடச் சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, ஏன் தலைய மட்டும் திருப்பாம மொத்த உடம்போட திரும்பறீங்க?"

"கழுத்துப் புடிப்பு."

"வேகமா திரும்பினா தலைக்குள்ள கரண்ட் அடிக்கற மாதிரி இருக்கா?"

டீக்கடை சமாச்சாரம் இவளுக்கு எப்படித் தெரியும்?

"கனவு ஜாஸ்தியா வருதா? சின்ன விஷயத்துக்கெல்லாம் கோவம் வருதா? எதையாவது தூக்கிப் போட்டீங்களா?"

"டபரா" என்றேன், என்னை அறியாமல்.

பின் பெஞ்சில் சிரித்தார்கள். சத்யா சிரிக்கவில்லை. கவுண்டர் மேல் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எப்பண்ணா நிறுத்தினீங்க?" என்றாள்.

அவள் மெதுவாகத்தான் கேட்டாள். நான்தான் மேடைப் பழக்கத்தில் உரக்கச் சொல்லிவிட்டேன்: "ரெண்டு வாரம் இருக்கும்."

எக்ஸ்டர்னல் நிமிர்ந்தார். "ஒரு நிமிஷம். கதையில இவர் இன்னும் நிறுத்தலையே? நிறுத்தலாமான்னுதான கேக்கணும்?"

ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்திருந்த மாமாவிடமிருந்து பஸ் ஹாரன் மாதிரி ஒரு குரல் வந்தது.

"டேய்ய்! நிறுத்திட்டியாடா?"

நான் வெடுக்கென்று ஜன்னல் பக்கம் திரும்பினேன். தலைக்குள் சுளீர். கால் நழுவியது. விழாமல் இருக்கக் கைக்குக் கிடைத்ததைப் பிடித்தேன். கிடைத்தது அலமாரி.

காலிப்பெட்டி என்பதால் உயிர் பிழைத்தேன். இருமல் மருந்து, கண் சொட்டு, தைலம், குழந்தைகளுக்கான பவுடர் என்று ஒரு முழு மருந்துக்கடை என் மேல் சரிந்தது. கடைசியாக ஒரு பெரிய பெட்டி வந்து தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்தது. வெளியே மாமா, "உங்க அக்கா என்னை வெட்டிப் போட்டுடுவாடா! போட்டுகினு இருக்கேன்னு சொன்னியேடா பஸ்ல!" என்று கத்திக்கொண்டிருந்தார். வகுப்பு முழுக்க எழுந்து நின்று பார்த்தது. ராஜேந்திரன் செத்துப்போனான். பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது நான்.

ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். எழுந்தால் தலை சுற்றியது, அதனால் உட்கார்ந்தே இருந்தேன்.

சத்யா கவுண்டரைச் சுற்றி வந்து, பெட்டிகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் என் எதிரே உட்கார்ந்தாள். எக்ஸ்டர்னல் மற்றவர்களைப் பார்த்து, "எல்லாரும் வெளிய போங்க" என்றார். அவரும் மேடமும் மட்டும் இருந்தார்கள்.

டீக்கடையில் கரண்ட் லீக் ஆன கதையை அவளிடம் சொன்னேன். "கடையில கரண்ட் லீக்கு இல்லண்ணா" என்றாள். "உடம்பு அந்த மாத்திரைக்குப் பழகிப்போச்சு. சொல்லாம கொள்ளாம நிறுத்தினதால அது சண்டை போடுது. பயப்படாதீங்க, அடங்கிடும். ஆனா நோயும் திரும்பி வரலாம். அதனால டாக்டரை இன்னிக்கே பாருங்க."

"உடம்பு கேக்குதுன்னா அது பழக்கம்தான? சாராயம் மாதிரி?"

"சாராயம் குடிச்சா இன்னும் இன்னும்னு தேடும். இத நீங்க தேடினீங்களா? இருக்கறதே மறந்து போச்சு இல்ல?"

இதற்கு மழை, குடை, மாவுக்கட்டு எதுவும் பொருந்தவில்லை. அன்றைக்கு முதல் முறையாக.

"நல்லாத்தான இருந்தேன்" என்றேன். எனக்கே கேட்காத குரல்.

"நல்லா இருந்தீங்க. அந்த மாத்திரைதாண்ணா அப்படி வச்சிருந்துச்சு. புத்தி, உறுதி எதுலயும் உங்களுக்குக் குறை இல்ல. இவ்ளோ பேரை வாயடைக்க வச்சீங்களே." என் மேல் கிடந்த ஒரு பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தாள். "ஒண்ணு கேப்பேன், கோச்சுக்காதீங்க. செத்துடலாம்னு எப்பவாவது தோணுச்சா?"

இந்தக் கேள்வியை அக்கா கூடக் கேட்டதில்லை. கேட்டால் எங்கே உண்மையாகிவிடுமோ என்ற பயம் அவளுக்கு. இவள் சாப்பிட்டாயா என்பது போலக் கேட்டாள். அப்படிக் கேட்டதால்தான் சொல்ல முடிந்தது. பெங்களூரில் ஏழாவது மாடிக்குச் செங்கல் தூக்கும்போது ஓரத்துக்குப் போய் நின்றதைச் சொன்னேன். கீழே பார்த்துக்கொண்டு நின்றதையும், மேஸ்திரி திட்டிய திட்டில் திரும்பி வந்ததையும் சொன்னேன். "இப்ப இல்ல" என்றேன். "இப்ப மின்னல் மட்டும்தான்."

"மறுபடி தோணினா, உடனே யார்கிட்டயாவது சொல்லணும். ராத்திரியா இருந்தாலும் எழுப்பிச் சொல்லணும். சரிங்களா?"

"சரி" என்றேன்.

காலையிலிருந்து அத்தனை பேர் கேட்ட வார்த்தை அது. எக்ஸ்டர்னல் குனிந்து தன் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். வெகுநேரம் தேடினார்.

"பழைய அட்டை பையில கிடக்கு. இப்பவே ஒண்ணு போட்டுக்கட்டுமா?"

"வேணாம். நீங்களா ஆரம்பிக்காதீங்க. இடையில நின்னு போனா எந்த அளவுல ஆரம்பிக்கணும்னு டாக்டர்தான் சொல்லணும். நிறுத்தினத மறைக்காம சொல்லுங்க. ஏண்ணா நிறுத்தினீங்க?"

கேஸ் மாத்திரைக் கதையைச் சொன்னேன். அதுவரை பெரிய மனுஷி மாதிரி இருந்தவள், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "எங்க மலையிலயும் எல்லாருக்கும் கேஸ்தாண்ணா" என்றாள். மேடமும் சிரித்தார். "சத்யா, அந்தக் கரண்ட் விஷயம் நான் வகுப்புல சொல்லித் தரலையேம்மா?" என்று கேட்டார்.

"புத்தகத்துல ஒரு வரி இருந்துச்சு மேடம். பரீட்சைக்கு வராதுன்னு எல்லாரும் தாண்டிட்டாங்க."

சத்யாவுக்கு என்ன மதிப்பெண் கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. மற்றவர்களுக்கு வேறொரு நாள் தேர்வு வைத்தார்கள். லேப் உதவியாளரின் அம்மை இறங்கும் வரை காத்திருந்து வைத்தார்களாம். என்னைக் கூப்பிடவில்லை. சாப்பாடு மட்டும் சொன்னபடி போட்டார்கள். பெட்டிகளை அடுக்கிக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டேன்.

மாமா என்னைக் கல்லூரி பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஐம்பது பேர் உட்காரும் வண்டியில் ஒரே நோயாளி. கிளம்பிக்கொண்டிருந்த டாக்டர் திரும்ப வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று பார்த்தேன். "நிறுத்தினத வந்து சொல்றவங்க கம்மி" என்றார். அளவைக் குறைத்து மறுபடி எழுதினார், எப்போது திரும்ப வர வேண்டும் என்று சொன்னார். வீட்டில் அக்கா சோற்றைப் போட்டாள், தண்ணீரைக் கொடுத்தாள், நான் மாத்திரையை முழுங்குகிற வரை என் தொண்டையைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், மாமாவைத் திட்டினாள்.

இதெல்லாம் நடந்து சில வருஷம் ஆகிறது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் வீம்பு பிடித்தாலும், அது மாமாவோ, என் பெண்டாட்டியோ, அக்கா பிள்ளைகளோ, "ஒத்துக்கோ, எக்ஸ்டர்னல் பாக்கறாரு" என்பார்கள். கள்ளக்குறிச்சியில் தினேஷ் மருந்துக்கடை வைத்திருக்கிறான். நான் காலில் முள் குத்தி பிளாஸ்திரி வாங்கப் போனாலும், கடை நிறைய ஆள் நிற்கும்போதே, "அண்ணா, டாக்டர்ட்ட கேக்காம எதையும் நிறுத்தாதீங்க!" என்று சத்தம் போடுகிறான். பக்கத்தில் நிற்பவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் தலையை மட்டும் திருப்பி அவர்களைப் பார்ப்பேன்.

பெட்டிகள் என் மேல் சரிந்ததற்கு மறுநாள் காலை மலைக்கு பஸ் ஏறினேன். தன் அப்பாவின் கொல்லியில் (மலையில் காட்டு நிலத்துக்கு அப்படிப் பேர்) மரவள்ளிக்கிழங்கு பிடுங்க ஆள் கிடைக்கவில்லை என்று சத்யா என் மாமாவிடம் சொல்லியிருந்தாள். கச்சிராயபாளையம் தாண்டி, அணை தாண்டி, வளைவு வளைவாக ஏறி இறங்கியபோது வெயில் வந்துவிட்டிருந்தது. சரிவில் ஒரு மனிதர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றார். பெயர் தங்கராசு.

"நீதான் எம்பொண்ணு சொன்ன ஆளா? வேலை செய்வியா?"

வழக்கமாக இந்தக் கேள்விக்கு, மலையையே பிடுங்கிக் காட்டுவேன் என்கிற மாதிரி ஏதாவது சொல்வேன். பிறகு முடியாத ஒரு காலையில் சொல்லாமல் நடந்துவிடுவேன்.

"செய்வேங்க. ஆனா முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன்" என்றேன். "மனசுக்கு மாத்திரை போடறேன். நேத்துதான் திரும்ப ஆரம்பிச்சிருக்கேன். அது வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் புடிக்கும். அது வரைக்கும் சில நாளு காலையில எழுந்திருக்க முடியாம போவும்."

அவர் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். என்னைப் பார்த்தார், கொல்லியைப் பார்த்தார்.

"எழுந்திருக்க முடியாதுன்னா, எவ்ளோ நேரம் ஆவும்?"

"வெயில் ஏறிடுங்க."

"கிழங்கு மண்ணுக்குள்ளதான இருக்கு. ஒரு மாசம் உட்டா இன்னும் பெருக்கத்தான் செய்யும். எழுந்தப்புறம் வா" என்றவர், முதல் வரிசையைக் கையால் காட்டினார். "இன்னிக்கு எழுந்துட்ட இல்ல? அங்கேருந்து ஆரம்பி."

ரப்பர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முதல் செடியின் அடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.